தோல் ஏறாத இடம்

உதுமாலெவ்வைக்கு இடுப்பே இல்லை என்று ஏறாவூரில் பகிடி பண்ணுவார்கள். பகிடியிலும் உண்மை இருந்தது. ஆள் கமுக மரம் மாதிரி. தோளுக்கும் காலுக்கும் நடுவில் எதுவும் தங்கி நிற்க இடமில்லை. சாரனை என்னதான் இறுக்கி உடுத்தாலும், வரம்பில் கொஞ்சத் தூரம் நடந்தால் ஒரு கை தானாக இடுப்புக்குப் போய் அதைப் பிடித்து மேலே இழுத்துவிடும். கலியாணம் முடித்த நாளிலிருந்து ஸஹீதா இதைப் பார்த்துச் சிரித்து வந்தவள்தான். அந்த இடுப்பில் ஒரு பிஸ்டலைக் கட்டவேண்டும் என்று வந்தபோதுதான் அவளுடைய சிரிப்பு நின்றது.

பிஸ்டலை எடுத்துக் கொடுத்தவர் கந்தப்போடியார். அவருடைய வயலையும் எருமைப் பட்டியையும் பார்க்கிற முல்லைக்காரன் உதுமாலெவ்வை. தன்னுடைய ஆளுக்கு ஆபத்து என்றதும் போடியார் ஊர்த்தலைவர் வன்னியனாரைப் பிடித்து, அரசாங்கக் கச்சேரியில் சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லி, அனுமதியோடு அதை வாங்கிவிட்டார். "வெச்சிக்க உதுமான். உசிரு போனா நான் ஆரக் கேக்கிற?" என்று ஓலைப்பெட்டிக்குள் வைத்து நீட்டினார், பலகாரம் கொடுக்கிற மாதிரி.

வந்த அன்றே கட்டிப் பார்த்தார்கள். ஸஹீதாவின் வாப்பா கடைக்குப் போகும்போது சாரனுக்கு மேலே கட்டுகிற பழைய வார் ஒன்று வீட்டில் கிடந்தது. பை வைத்த அகல வார். உதுமாலெவ்வை அதை இறுக்கிக் கட்டி, பிஸ்டலைச் செருகிக்கொண்டு வாசற்படி இறங்கினான். இரண்டாம் படியில் வாரும் சாரனும் பிஸ்டலும் ஒன்றாகக் காலடியில் விழுந்தன. வெடித்துவிடும் என்று இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பாய்ந்தார்கள். வெடிக்கவில்லை. மணலில் குப்புறக் கிடந்தது. புருஷன் நின்ற கோலத்தைக் கண்டு ஸஹீதாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு வாய்க்குள் இருக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது.

ஏனென்றால் அந்த பிஸ்டல் யாருக்குப் பயந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய கூடப்பிறந்த தம்பி பாறூக்குக்கு.

வெள்ளைக்காரர் ஆண்ட யுத்த காலம் அது. சீனன்குடாப் பட்டாளத்துக்கு எவ்வளவு இறைச்சி போனாலும் காணாது. இருட்டோடு இருட்டாக எருமைகளை ஓட்டிக்கொண்டுபோய் இறைச்சிக் குத்தகைக்காரனிடம் விடுகிற கூட்டம் ஒன்று கிளம்பியிருந்தது. ஒருநாள் சுபஹு தொழுதுவிட்டு வயலுக்குப் போன உதுமாலெவ்வை, போடியாரின் எருமைகளை யாரோ வாவியில் இறக்கி நீந்த வைத்து அக்கரைக்குக் கொண்டுபோவதைக் கண்டான். தோணியில் கம்போடு நின்றவன் மச்சினன் பாறூக். உதுமாலெவ்வை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் கூட்டத்தில் ஒருவன் பிடிபட்டு, பாறூக்கின் பெயரையும் சொல்லி, வழக்காகி, கோட்டில் உதுமாலெவ்வையைக் குர்ஆனில் கை வைக்கச் சொல்லி "கண்டதா?" என்று கேட்டார்கள். பொய்ச் சத்தியம் பண்ண அவனால் முடியவில்லை. "கண்டன்" என்று சொல்லிவிட்டான்.

குற்றவாளிக் கூட்டுக்குள் நின்ற பாறூக் சத்தமில்லாமல்தான் சொன்னான்: "மச்சான், நான் ஒருநாள் வெளிய வருவன். வந்தாப் பொறகு நீங்க இரிக்க மாட்டீங்க."

அவன் மறியல் சிறையில் இருக்கும்போதே உம்மா மவுத்தானாள். மையத்து எடுத்த அன்றும் தெருவாசலைப் பார்த்துக்கொண்டே ஸஹீதா அழுதாள். இப்போது அவன் வெளியே வந்துவிட்டான் என்று கதை வந்தது. வீட்டுக்கு மட்டும் வரவில்லை. அந்த வீடு சீதனமாக அவளுக்கு எழுதின வீடுதான், ஆனாலும் அவன் தவழ்ந்து விளையாடின வளவு. அவன் வந்து வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுப் போயிருந்தால் பாதிப் பயம் தீர்ந்திருக்கும். வராதவனுக்கு என்ன செய்வது? வேலியில் ஓலை சரசரத்தால் அவன். நாய் குரைத்தால் அவன். மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் ஸஹீதா கதவைத் தாழ்போட்டு, மரக்குத்தியை முட்டுக் கொடுத்துவிட்டு, அடுப்படியிலேயே குந்தியிருப்பாள். தம்பி புருஷனைக் கொன்றுபோடுவான் என்று ஒரு பயம். புருஷன் தம்பியைச் சுட்டுப்போடுவான் என்று இன்னொரு பயம். எந்தப் பயத்துக்கு துஆக் கேட்பது என்று தெரியாமல் இரண்டு கையையும் ஏந்தியபடி சும்மா இருப்பாள்.

பிஸ்டல் நிற்கிற மாதிரி ஒரு வார் வாங்க, மாட்டுக் கரத்தை கட்டிக்கொண்டு மட்டக்களப்புக்குப் போனார்கள். அவளும் கூடப் போனாள். வீட்டில் தனியே இருக்கப் பயம்.

சந்தையடியில் காத்தான்குடி முஹம்மட் காக்கா பட்டாளத்துச் சாமான் பரப்பி வைத்திருந்தார். சப்பாத்து, தண்ணிப் போத்தல், கம்பளி, கித்தான் துணியில் நெய்த பச்சை வார்கள். பிஸ்டல் வைக்கிற உறையும் அதே துணிதான்.

"புடிச்சி இழுத்துப் பாருங்க. எருமைய கட்டி இழுத்தாலும் அறாது" என்றார் காக்கா. எருமை என்ற பேச்சைக் கேட்டதும் உதுமாலெவ்வை கையை எடுத்துக்கொண்டான்.

"இதான் நல்லம்" என்றாள் ஸஹீதா. "துணிதானே. களவெட்டிக்குள்ளயும் கட்டிக்கிட்டு ஏறலாம்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எருமைகளை விட்டுச் சூடு மிதித்து நெல் பிரிக்கிற களவெட்டி மரியாதையான இடம். செருப்போடு யாரும் ஏறமாட்டார்கள். செருப்பு என்ன, தோலில் செய்த எதுவும் ஏறாது. ஏறினால் நெற்பொலி பறந்துபோகும், பரக்கத்து இல்லாமல் போகும் என்று போடியாருடைய ஆட்களும் சொல்வார்கள், ஏறாவூர் ஆட்களும் சொல்வார்கள். தோல் வார் என்றால் அதை வெளியே கழற்றி வைத்துவிட்டு, வெறும் இடுப்போடுதான் நாள் முழுக்க உள்ளே நிற்கவேண்டும்.

"இந்தப் புள்ளைக்கு வெளங்குது, உங்களுக்கு வெளங்கல்லியே" என்றார் காக்கா.

"மழைக்கு ஊறினாப் பாரமாப் போயிரும். சேத்துத் தண்ணி பட்டா உக்கிரும்" என்றான் உதுமாலெவ்வை. சொல்லும்போது பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்குத் தோல்தான் வேணும்."

"களவெட்டியில என்ன செய்யப் போறீங்க? நெல்லுக்குள்ள ஒளியப் போறீங்களா?"

"அது அப்ப பாப்பம் புள்ள. வா."

அவ்வளவு பயந்த மனிதன் இதில் ஏன் இப்படி அடம்பிடிக்கிறான் என்று அவளுக்குக் கோபம் வந்தது. நடுச் சந்தையில் புருஷனோடு வாய் காட்டக்கூடாது என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னால் நடந்தாள்.

தோல் வேலை செய்கிற றொசைரோவின் கொட்டில் வாவிக் கரையில் இருந்தது. பறங்கி மனிதர். குதிரைச் சேணமும் சப்பாத்தும் தைத்துத் தைத்து விரலெல்லாம் கறுத்துப் போயிருந்தது. உதுமாலெவ்வையை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னென்ன தொங்கப் போகுது?"

"பிஸ்டல். தோட்டாப் பை. ஒரு கத்தி, ஒரு ரோச்சு லைட்டு. வெத்திலப் பையும் வெச்சா நல்லம்."

"ஏன், கருவாட்டையும் கோத்து விடன்? இதென்ன இடுப்பா, கொடிக்கயிறா?" என்று கேட்டுவிட்டு, தன் பகிடிக்குத் தானே சிரித்தார். யாரும் கூடச் சிரிக்காததால் நூலை எடுத்து அளந்தார். "ஒத்தத் தோல் சரிவராது. மடிஞ்சிரும். ரெட்டைத் தோலா வெச்சித் தைக்கணும். நாலு விரல் அகலம். இரும்புப் பூட்டு உப்புக் காத்துக்கு ஒரு மாரிகாலம் தாங்காது, பித்தளை போடுவம். உன்ட இடுப்பில எதுவும் நிக்காது தம்பி, அதால தோளுக்கும் ஒரு வார் விடுறன். பாரத்தத் தோள் தாங்கும். எருமைத் தோல் கிடக்கு, நல்ல தோல்."

"எருமைத் தோலா?" என்றாள் ஸஹீதா.

"பின்ன ஆனைத் தோலா? ஏன் மகள்?"

எருமையால் வந்த வினைக்கு எருமைத் தோலிலேயே வார் என்று நினைத்துக்கொண்டாள்.

தைத்து முடிந்து திரும்பவும் போனபோது றொசைரோ அதைக் கட்டிவிட்டார். பிஸ்டலை அவர்கள் கொண்டுபோகவில்லை, வழியில் கொண்டு திரிய அவளுக்குப் பயம். தோலைத் தேய்த்து மழமழப்பாக்குகிற கல் ஒன்றை எடுத்து அவர் உறைக்குள் போட்டார். "பிஸ்டலும் ஏறக்குறைய இந்தப் பாரந்தான் வரும். நட பாப்பம்."

உதுமாலெவ்வை நடந்தான், குந்தினான், எழும்பினான், கரத்தையில் ஏறி இறங்கினான். வார் அசையவில்லை. சாரனும் நின்றது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவனுக்கும் ஒரு இடுப்பு இருக்கிற மாதிரித் தெரிந்தது.

"ஐயா, இந்தக் கல்ல எனக்குத் தருவீங்களா? கொஞ்ச நாளைக்கு இதப் போட்டுப் பழகுறன்."

"கொண்டு போ. வாவிக் கரையில கல்லுக்கா பஞ்சம்?"

அன்றிலிருந்து வார்தான் வீட்டுக்கு எசமான். அவன் நடந்தால் கிறீச் கிறீச்சென்று புதுத்தோல் சத்தம் கேட்கும். வேலைக்குப் போகும்போது அந்தச் சத்தம் வேலிவரைக்கும் கேட்டு ஓய்ந்தால் ஸஹீதா மறுபடி கதவைத் தாழ்போடுவாள். பின்னேரம் திரும்பி அதே சத்தம் கேட்டால்தான் அடுப்பு மூட்டுவாள். தொழ நிற்கும்போது அவன் வாரைக் கழற்றி ஆணியில் மாட்டுவான். அவன் சுஜூதில் கிடக்கிற அந்த நேரம் முழுவதும் அவள் கதவையும் ஆணியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கூட்டும்போது ஒருநாள் அதில் கை பட்டுவிட்டது.

"தொடாத புள்ள!" என்று பாய்ந்து வந்தான். "தோட்டா கிடக்கு. வெடிச்சிரும்." அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கமே போகவில்லை.

பக்கத்து வளவு நஸீறா வேலியால் எட்டிக் கதை சொல்லுவாள். "உன்ட தம்பிய ஓட்டமாவடியில கண்டாங்களாம்கா. ஆரோடயும் கதைக்கிறானில்லியாம். உங்குட ஊட்டுக்காரர் வார் வாங்கின கதையத் தோண்டித் தோண்டிக் கேட்டானாம். என்ன தோல், எப்பிடிக் கட்டுற, எந்த நேரம் கழட்டுற எண்டு."

"கழட்டுற நேரத்தையா கேட்டான்?"

"ஓம்கா. அதத்தான் கேட்டானாம்."

அன்று சமைத்த சோற்றில் உப்பு இல்லை. உதுமாலெவ்வை கேட்காமலே தின்றுவிட்டுப் போனான், அவனுக்கும் தெரியவில்லை.

வெள்ளாண்மை முற்றியது. அந்த வருஷம் மழை பிந்தி விட்டு, வெயில் முந்தி ஏறி, வயல் வட்டை முழுக்க ஒரே நேரத்தில் பழுத்து நின்றது. ஊரெல்லாம் கூப்பன் அரிசிக்கு வரிசையில் நிற்கிற காலத்தில் இப்படி ஒரு விளைச்சல். வெட்டினார்கள், கட்டினார்கள், கதிரைக் குவித்துச் சூடு வைத்தார்கள். களவெட்டிக்கு மேடு செதுக்கிச் சாணி மெழுகினார்கள். சூடு மிதிக்கத் தொடங்கின அன்று பகலைக்கு, ஸஹீதா வழக்கம்போல் ஆட்களுக்குச் சோறு கொண்டு வயலுக்குப் போனாள். அவள் இருக்க வேண்டிய இடம் களவெட்டிக்கு வெளியே, காவலுக்குப் போட்ட ஓலை வாடிக்கும் மருத மரத்துக்கும் நடுவில். பெண்கள் களவெட்டியில் ஏறுவதில்லை.

வார் மருத மரத்துக் கொப்பில் தொங்கியது. உள்ளே உதுமாலெவ்வை கையில் ஒரு கம்போடு எருமைகளுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தான். ஆட்கள் வைக்கோலை உதறிக்கொண்டு பொலிப்பாட்டுப் பாடினார்கள். நல்ல வெயில். வாவிப் பக்கத்திலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. கொய்மீன் ஆணச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, வாய்க்கால் வரம்பால் ஒருவன் வருவதைக் கண்டாள்.

நடையிலேயே தெரிந்துவிட்டது. சின்ன வயதில் முள் குத்தி இடது காலைக் கொஞ்சம் சரித்து வைக்கிற நடை. உம்மா தேங்காயெண்ணெய் காய்ச்சி ஊற்றின கால்.

கத்தினால் உதுமாலெவ்வை ஓடி வருவான், வந்து வாரை எடுப்பான். கத்தாவிட்டால் வருகிறவன் எடுப்பான். யோசிக்க நேரமில்லை. ஸஹீதா கொப்பிலிருந்த வாரை இழுத்து எடுத்துக்கொண்டு வாடிக்குள் ஓடினாள். பிஸ்டலை எடுத்து வாய்க்காலுக்குள் எறிந்துவிட்டால் யாருக்கும் யாரையும் கொல்ல ஏலாது, அதுதான் அவள் நினைத்தது. பித்தளைக் குமிழ் இறுக்கமாக இருந்தது. நகம் பிய்ந்தது. "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்று முனகிக்கொண்டே மூடியைத் திறந்து கையை விட்டாள்.

கல்.

றொசைரோவின் மழமழத்த கல்தான் கையில் வந்தது. தோட்டாப் பையைத் திறந்தாள். உள்ளே கொட்டைப்பாக்கு.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு ஒரேயடியாக எல்லாம் விளங்கியது. இத்தனை நாளும் கிறீச் கிறீச்சென்று வேலியைத் தாண்டிப் போன மனிதன் இடுப்பில் கல்லைக் கட்டிக்கொண்டுதான் போயிருக்கிறான். தொடாதே என்று பாய்ந்து வந்தது இதற்குத்தான். துணி வார் வேண்டாம், தோல்தான் வேண்டும் என்று அடம்பிடித்ததும் இதற்குத்தான். ஒரு இடத்திலாவது அதைக் கழற்றி வைக்க அவனுக்கு ஒரு சாட்டு வேண்டியிருந்தது. தம்பிக்காரன் கழற்றுகிற நேரத்தை விசாரித்தபோது, இந்தப் பாவி மனிதன் எந்த நேரமும் கழற்றின ஆளாகத்தான் இருந்திருக்கிறான்.

பயம் குறையவில்லை, கூடிவிட்டது. இது கல்லென்று வருகிறவனுக்குத் தெரிந்தால்?

கல்லைத் திரும்ப உறைக்குள் போட்டு மூடினாள். தோள் வாரை மாட்டி, உடுத்திருந்த கம்பாயத்துக்கு மேலே வாரைக் கட்டி, மூச்சைப் பிடித்துக் கடைசி ஓட்டையில் பூட்டினாள். அவளுக்கு இடுப்பு இருந்தது. நன்றாகவே நின்றது.

வெளியே வந்தபோது பாறூக் மரத்தடியில் நின்றான். ஒல்லியாகப் போயிருந்தான். தலையில் முடி ஒட்ட வெட்டியிருந்தது. வெறுங்கொப்பைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். ஒரு அடி பின்னால் வைத்தான்.

"ராத்தா."

"அங்கேயே நில்லு." குரல் அவளுடைய குரல் மாதிரி இல்லை. "என்னத்துக்கு வந்த?"

"தண்ணி தாங்க."

"தண்ணிக்கா இவ்வளவு தூரம் வந்த? கழட்டுற நேரம் பாத்துத்தானே வந்த?"

"ஓம்" என்றான். "கழட்டுற நேரம் பாத்துத்தான் வந்தன். ஊட்டுக்கு வந்தா மச்சான் சுட்டுப்போடுவாரெண்டு எல்லாரும் சொல்றாங்க. ரோட்டில கண்டாலும் சுடுவாராம். தோல் ஏறாத இடம் இது ஒண்டுதானே ராத்தா? இஞ்ச வந்தாத்தான் நான் ரெண்டு வார்த்த கதைக்க ஏலும்."

"நீ கோட்டில சொன்னது?"

"சொன்னன். அப்ப கோவம். உம்மா மவுத்தான செய்திய மறியலுக்குள்ள வெச்சிச் சொன்னாங்க. அதோட கோவம் போயிட்டு. இப்ப பயந்தான் இரிக்கி." அவன் கண் வாரிலேயே இருந்தது. "உம்மாட கபுறு எந்தப் பக்கமெண்டும் எனக்குத் தெரியா."

தண்ணீரைச் சிரட்டையில் ஊற்றி, கிட்டப் போகாமல், நிலத்தில் வைத்துவிட்டுப் பின்வாங்கினாள். அவன் குந்தி எடுத்துக் குடித்தான். நம்பலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. தம்பிதான். ஆனாலும் புருஷனுடைய உயிர்.

"மடியில என்ன?"

அவன் சாரன் மடியிலிருந்து தோலுறையோடு ஒரு கத்தியை எடுத்தான். அதைக் காலடியில் நிலத்தில் வைத்தான். "அவரு சுட வந்தாலெண்டு வெச்சிரிந்தன்" என்றான். செருப்பையும் கழற்றிவிட்டு, களவெட்டிக்குள் கால் வைத்தான்.

பாட்டு நின்றது. எருமைகள் மட்டும் நிற்காமல் சுற்றின. உதுமாலெவ்வை மச்சினனைக் கண்டான். அவனுடைய கை இடுப்புக்குப் போயிற்று, அங்கே ஒன்றும் இல்லாமல் சாரனைப் பிடித்து இழுத்துக்கொண்டது. மற்றக் கையில் கம்பு இருந்தது. ஸஹீதா மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அவளால் உள்ளே போக முடியாது. களவெட்டிக்குள் சண்டை பிடிக்கக்கூடாது, கூடாத வார்த்தை சொல்லக்கூடாது, அது அந்த இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்தவர்கள் எத்தனை பேர் தெரியாத மாதிரி நடந்திருக்கிறார்கள்?

உதுமாலெவ்வை கம்பை உயர்த்தினான். பாறூக் கண்ணை மூடிக்கொண்டான், கையால் முகத்தை மறைக்கவில்லை. கம்பு அப்படியே நின்றது. பிறகு மெல்லத் திரும்பி, பிடிப்பக்கம் பாறூக்கை நோக்கி நீண்டது.

"நடுவில போற கிழட்டு எருமை நிக்கப் பாக்குது" என்றான் உதுமாலெவ்வை. "பாத்து ஓட்டு."

பாறூக் கம்பை வாங்கிக்கொண்டு எருமைகளுக்குப் பின்னால் நடந்தான். எங்கிருந்தோ ஒருவன் பாட்டைத் திரும்ப எடுத்தான்.

சோற்றுக்கு உதுமாலெவ்வைதான் முதலில் இறங்கி வந்தான். கொப்பைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்துப் போயிற்று. பிறகு பெண்டாட்டியின் இடுப்பைக் கண்டான். கை கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அவள் நின்றாள்.

"பாரமா புள்ள?"

"பாரந்தான். எப்பிடித்தான் இவ்வளவு நாளும் இதக் கட்டிக்கிட்டுத் திரிஞ்சீங்களோ."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ஒருநாள் தோட்டாவப் போட்டுப் பாத்தன். உன்ட தம்பிட மூஞ்சிதான் கண்ணுக்குள்ள வந்திச்சி. எனக்கு ஏலாது புள்ள. சத்தியம் பண்ணிக் காட்டிக் குடுத்தது காணும்."

"அது எங்க?"

"பெட்டகத்துக்கு அடியில. உன்ட கலியாணக் கம்பாயத்தில சுத்தி வெச்சிரிக்கன்."

பாறூக் வாய்க்காலில் முகம் கழுவிவிட்டு வந்தான். ஸஹீதா பெரிய சஹன் தட்டில் சோற்றைக் குவித்து, ஆணத்தை ஊற்றி, இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தாள். ஒரே சஹனில் இரண்டு கைகள் இறங்கின. ஒரு கை சோற்றை அள்ளாமல் தங்கியது. எந்தக் கை என்று அவள் பார்க்க விரும்பவில்லை. கத்தி இன்னும் செருப்புக்குப் பக்கத்தில் வெயிலில் கிடந்தது. அவள் அதற்கும் இவர்களுக்கும் நடுவில் குந்தினாள்.

பாறூக் இரண்டு பிடி தின்றுவிட்டு நிறுத்தினான்.

"ராத்தா, அதக் கழட்டி வைங்களன். பயமாக் கிடக்கு. சோறு இறங்குதில்ல."

உதுமாலெவ்வை சஹனிலிருந்து தலை நிமிர்த்தவில்லை. ஸஹீதா அகப்பையை எடுத்துத் தம்பியின் பக்கம் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். குனிந்தபோது புதுத்தோல் கிறீச்சென்றது.

"பயந்துக்கிட்டே தின்னு மனே" என்றாள். "நாங்களும் இவ்வளவு நாளும் அப்பிடித்தான் திண்டம்."